மூன்றாம் நாள் மிதி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரணிலிருந்து புளிப் பானையை எடுத்துத் தர மகாராணி என்னைக் கூப்பிட்டாள். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், முழங்கை வரைக்கும் மாவு. "ஏ பிரமு, அந்தப் புளியை எடுத்துத் தா" என்று கூடத்திலிருந்து அதிகாரம்.

மகாராணி என்றால் கோமதி அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், தவறிப்போய் எட்டு வருஷம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம். அன்றிலிருந்து பரண் அவள் ஆட்சி. நல்ல உயரம், கையைத் தூக்கினால் எட்டிவிடும். நான் தொட்டால் ஊறுகாயில் பூஞ்சை வந்துவிடும் என்று என்னை அண்டவே விட்டதில்லை. இப்போது ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் நான்தான் முக்காலி போட்டு ஏறவேண்டும்.

"உங்களுக்கு எட்டுமே அக்கா" என்றேன்.

"எட்டல. அதான் சொல்லுதேன்லா."

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷி குட்டையாகிப் போவாளா? என்னை ஏற்றி இறக்குவதில் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பிள்ளைகளைக் கொடியேற்றத்துக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் நான் காலையில் நிரப்பி வைத்த மண்பானை காலி. ஒரே ஆள் குடித்திருக்கிறாள். எத்தனை தடவை நிரப்புவது? பானைக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

புடவையும் தரையைப் பெருக்குகிறது. கொசுவத்தைத் தூக்கிச் செருகக்கூடச் சோம்பல். எனக்கு மட்டும் முந்தானை ஒரு விரல்கடை இறங்கினால் பிரசங்கம் நடக்கும்.

தனியாகப் போயே ஆகவேண்டும் என்று இவரிடம் இன்று மறுபடியும் உறுதியாகச் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் வீடு பார்த்தாகிவிட்டது. இவர் ஆபீசும் அங்கேதான், தினம் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். எனக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை சொல்லியிருக்கிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி சேரவேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்புகிறோம். "கோமதி மதினிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். பத்து நாளாக இதையேதான் சொல்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று மகாராணி திருநெல்வேலி போய் வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் இந்தப் பயணம் உண்டு. கேட்டால் கண் ஆஸ்பத்திரி என்பாள். நான்கு வருஷமாகப் போகிறாள், ஒரு தடவையாவது கண்ணாடி மாறியிருக்கிறதா? சொட்டு மருந்து ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறதா? வக்கீலைப் பார்க்கத்தான் போகிறாள் என்று எனக்குச் சந்தேகம். வீட்டைச் செண்பகா பெயருக்கு மாற்ற ஏற்பாடு நடக்கிறது. செண்பகா அவள் ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை.

கையில் ஒரு மஞ்சள் பை. நான் வாங்கப் போனால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நா என்ன உன்கிட்ட பையத் தூக்கச் சொன்னேனா?"

வைத்துக்கொள்ளட்டும். ஆறு வாரத்தில் நான் போய்விடுவேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

செண்பகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம். மாப்பிள்ளை வீடு தென்காசி. மாப்பிள்ளையின் அம்மா வந்து இரண்டு மணி நேரம் எங்கள் பரம்பரையை விசாரித்தாள். யாருக்காவது சர்க்கரை உண்டா, இழுப்பு உண்டா, பைத்தியம் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. மகாராணி சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "அப்படி ஒண்ணும் கெடையாது" என்றாள். அவ்வளவு சாந்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

அவர்கள் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பில் பிடித்துக்கொண்டதாம். பாத்திரம் அத்தனையும் என் தலையில்.

செப்டம்பர் 3, புதன்

முதுகுவலி நாடகம் தொடர்கிறது. எழுந்திருக்கும்போது ஒரு கத்தல், உட்காரும்போது ஒரு கத்தல். டாக்டரிடம் போகலாம் மதினி என்று இவர் கூப்பிட்டார். "வாய்வுப் பிடிப்புக்கு டாக்டர் என்னத்துக்கு? வேண்டாம்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அடுத்த வீட்டு வடிவு வாயைத் திறந்தாள். "வீட்டுலேயே ரெட்டைப் பிள்ளை பெத்தவள வச்சுக்கிட்டு எதுக்கு இப்படிக் கெடந்து அல்லாடுதிய? பிரமு மூணு நாள் மிதிச்சாச் சரியாப் போவும்லா."

எங்கள் பக்கத்தில் இது உண்டு. ரெட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு குப்புறப் படுக்கவேண்டும், இடது பாதத்தை வைத்து மூன்று தடவை லேசாக நீவி இறக்கவேண்டும், மூன்று நாள் செய்யவேண்டும். மிதி என்பது பேருக்குத்தான். சங்கரியும் சுந்தரியும் பிறந்த பிறகு இந்தத் தெருவில் பாதிப் பேர் என் காலுக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கெடுதல் வந்ததில்லை.

வடிவு சொன்னதும் மகாராணியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நான் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "பன்னி போட்ட மாதிரி ரெண்டு" என்று சொன்ன வாய் அது. அந்த வாய் இப்போது என் காலுக்குக் கீழே வரவேண்டும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, அதை எதற்கு மறைக்கவேண்டும்?

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் நாள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். வலி தாங்கமுடியாமல்தான் ஒத்துக்கொண்டிருக்கிறாள். படுக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து முறைப்படி நீவினேன். ஜாக்கெட்டுக்கு மேலேயே முள்ளெலும்பு தட்டுப்பட்டது. எவ்வளவு சதை இருந்த முதுகு! கல்யாணத்துக்காக மெலிகிறாள் போலிருக்கிறது.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு போதவில்லை என்றாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டாம் நாள். வடிவும் அவள் நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். காலை வைத்ததும் மகாராணி, "குதிகால் வெடிப்பு குத்துதுட்டி. இந்தக் காலுக்கு ஒரு எண்ணெய் தடவுனா என்ன?" என்றாள். வடிவு சிரித்தாள்.

பிறகு தலையைத் திருப்பி வடிவிடம் சொன்னாள்: "பி.காம். படிச்சவ பாத்துக்கோ. படிச்சு என்னத்துக்கு? கடைசியில மிதிக்கத்தான் லாயக்கு."

கல்யாணமான வருஷம் கூட்டுறவு பேங்கில் எனக்கு வேலை வந்தது. அந்த ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, சமைப்பது யார் என்று கேட்டவள் இவள்தான். நான் அன்றைக்கு அழுதேன். இன்று அழவில்லை. மூன்று தடவை நீவிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வடிவு இன்னேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்றாம் நாள். மிதித்தேன். முடிந்தது.

செப்டம்பர் 10, புதன்

எழுந்திருக்க முடியவில்லை என்கிறாள். நேற்று காலையிலிருந்து பாயிலேயே கிடக்கிறாள். கால் மரத்துப்போகிறதாம். நடுநடுவே சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், செண்பகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்கிறாள்.

நான் வழக்கம்போலத்தான் மிதித்தேன். முதல் நாள் எப்படியோ அப்படியே. நேற்று வடிவு வரவில்லை, வந்திருந்தால் அவளே சொல்வாள்.

இவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். என்ன ஆச்சு என்று வந்தவர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் மகாராணி தெளிவாகச் சொன்னாள்: "குளிக்கிற ரூம்புல வழுக்கி விழுந்துட்டேன்."

விழவே இல்லை. புத்தி பிசகியிருக்கிறது, அதில் ஏதோ உளறுகிறாள். நான் திருத்தவில்லை. நோயாளி சொல்வதைத்தானே எழுதிக்கொள்வார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. நான்தான் கூட இருக்கிறேன், வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளை வடிவு பார்த்துக்கொள்கிறாள். இங்கே காப்பி என்று ஒன்று தருகிறார்கள், வாயில் வைக்க முடியாது.

இந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மகாராணியைத் தெரிந்திருக்கிறது. நர்ஸ் வந்ததும், "என்ன கோமதியம்மா, நவம்பர்ல தானே வரணும், அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டாள். இது கண் ஆஸ்பத்திரி இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை நாளும் மறைத்தாகிவிட்டது, இனிமேல் கூட இருக்கிறவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும், தெளிவா இருக்கும்போது அவங்களே சொல்லச் சொல்லிவிட்டாங்க என்று ஆரம்பித்தார்.

ரத்தப் புற்றுநோய். நான்கு வருஷமாக இருக்கிறதாம். நாள்பட்ட வகை, மெதுவாக நகரும், பல பேருக்கு வருஷக்கணக்காக மருந்தே தேவைப்படாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தைப் பார்த்தால் போதும். அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்தான் அந்த மஞ்சள் பையில். வக்கீலும் இல்லை, பத்திரமும் இல்லை.

"அதுக்கும் முதுகுக்கும் என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். ரத்தம் எலும்புக்குள்ளே மஜ்ஜையில்தான் ஊறுகிறதாம். கெட்ட அணுக்கள் அங்கே பெருகிப் பெருகி, எலும்பைக் கரைக்கிற வேலையை முடுக்கி விடுகின்றன, கட்டுகிற வேலை நின்றுபோகிறது. இந்த நோயில் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, அபூர்வம்தான், இவங்களுக்கு ஆகியிருக்கு என்றார். கரைந்த சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் தாகம், பசியின்மை, மலச்சிக்கல், பேச்சுத் தடுமாற்றம். "வீட்டுல நிறையத் தண்ணி குடிச்சாங்களா? உயரம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கேட்டேன்: "இந்த எலும்பு எதுல வேணாலும் ஒடியுமா டாக்டர்?"

"இது தும்மினாலே ஒடியும்மா."

தும்மினாலே ஒடியும். டாக்டரே சொல்லிவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி முழுதாகக் குடித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

டிரிப்ஸ் ஏற்றியதில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கிறது. பேச்சு தெளிந்துவிட்டது, கூடவே அதிகாரமும் திரும்பிவிட்டது. தலையணை உறை அழுக்கு, நர்ஸ் பிள்ளைக்கு ஊசி போடத் தெரியவில்லை, நான் கஞ்சியில் உப்பு போடவில்லை.

டாக்டரம்மா இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். முதுகில் இரண்டு எலும்பு அமுங்கியிருக்கிறது. ஒன்று பழையது, இரண்டு மூன்று மாதம் இருக்கலாம், அதுவாகவே நொறுங்கியது. இன்னொன்று புதுசு, ஒரே சமயத்தில் பாரம் விழுந்து அமுங்கியது. "பாத்ரூம்ல விழுந்தாங்கல்ல, அதுல ஆனது. விழாம இருந்திருந்தா பழசை மட்டும் வச்சுச் சமாளிச்சிருக்கலாம். புதுசுதான் நரம்பை அழுத்துது."

மகாராணி கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் அழுத்தியிருப்பேன். இல்லை என்று சொல்லவில்லை. முதல் இரண்டு நாளைவிடக் கொஞ்சம்.

செப்டம்பர் 25, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பெல்ட். நோய்க்கு மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, எலும்புக்கு மாதம் ஒரு ஊசி. மூன்று நான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிறார்கள். குனியக் கூடாது, தூக்கக் கூடாது. திருப்பிப் படுக்க வைக்க, துடைக்க, பெட்பான் வைக்க எல்லாவற்றுக்கும் நான்தான்.

செண்பகாவிடம் வழுக்கி விழுந்ததாக மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் லீவு போட்டு வருகிறேன் என்றாள். "கல்யாணத்துக்கு லீவு வேணும்லா, பேசாம இரு" என்று மகாராணி போனிலேயே அதட்டிவிட்டாள்.

சாயந்திரம் தென்காசியிலிருந்து சம்பந்தியம்மாள் ஆப்பிள் பையோடு வந்தாள். பத்து நிமிஷம் நலம் விசாரித்துவிட்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள், என் பக்கத்தில் நின்றுகொண்டு குரலைத் தணித்தாள். "நா ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். ஐம்பத்தாறு வயசுல வழுக்கி விழுந்தா முதுகு ஒடியுமா? உடம்புல வேற என்னமும் இருக்கா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். பன்னி என்றாளே, லாயக்கு என்றாளே, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம். என் நாக்கு நுனியில் இருந்தது, அது உண்மை.

"டைல்ஸ் புதுசு, வழவழன்னு இருக்கும். நானே ரெண்டு மட்டம் விழப் பாத்தேன்" என்றேன்.

அவள் போனபிறகு இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை எழுதாமல் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலையில் வீட்டில் யாரும் இல்லை. இவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார், பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவள் குப்புறப் படுத்திருந்தாள். நான் காலைக் கழுவவில்லை. இடது காலை வைத்தேன். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலையும் வைத்தேன். ஏறி நின்றேன். லாயக்கு, லாயக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூன்று எண்ணுகிற வரைக்கும் நின்றேன். உள்ளே ஏதோ இறங்கியது. சத்தம்கூட இல்லை, காலுக்குத்தான் தெரிந்தது. அவள் கத்தவும் இல்லை. பாயைக் கையால் இறுக்கிப் பிடித்தாள். நான் இறங்கிப் போய் அடுப்பில் உலை வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சட்டி முட்டி கழுவி அடுக்கினேன். நாளை ஆயுத பூஜை. இவர் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆள் ஒண்ணு பேசிவிடுவோமா மதினிக்கு?" என்றார். நான் பெட்டிகளைத் தூசி தட்டினேன்.

அக்டோபர் 4, சனி

ஆள் வந்து பார்த்தது. நல்ல பெண், கல்லிடைக்குறிச்சிக்காரி. மகாராணியைத் திருப்பிப் படுக்க வைத்துக் காட்டச் சொன்னேன். அவள் கையைக் கொடுத்து அலுங்காமல் திருப்பினாள். மகாராணி சும்மா இருந்தாள்.

மறுபடி நான் திருப்பினேன். என் கை பட்டதும் அவள் உடம்பு முழுக்க விறைத்தது. பத்து நாளாக இதைப் பார்க்கிறேன், வலியினால் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் தொட்டபோது விறைக்கவில்லையே!

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, மூணாம் நாளு நா ரெண்டு காலாலயும் ஏறி நின்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நின்னது என் முதுகுலதான?"

"பொறகு ஏன் வழுக்கி விழுந்தேன்னு சொன்னிய?"

"கிறுக்கி. நீ மிதிச்சேன்னு சொன்னா நாலு பேரு என்ன கேப்பான்? தெருவுல எத்தன பேர மிதிச்சிருக்கா, இவளுக்கு மட்டும் எப்படி ஒடிஞ்சுதுன்னு கேப்பான். அப்படியே தென்காசிக்குப் போவும். உன்னக் காப்பாத்தவா அப்படிச் சொன்னேன்னு நெனச்ச?"

நான் அழுதுவிட்டேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று பதினொரு வருஷமாக வைத்திருந்தது எல்லாம் வந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். வாழ்க்கையில் அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

"மாட்டேன்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மன்னிச்சா நீ மனசு லேசாயி நாளைக்கே பொட்டியக் கட்டிருவ. கூலிக்கு வாரவ என் மருந்துச் சீட்டப் பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லுவா. நீ சொல்ல மாட்ட. உன்னால சொல்ல முடியாது. தை மாசம் வரைக்கும் நீதான் இங்கன கெடக்கணும். என் பிள்ளை கழுத்துல தாலி ஏறட்டும், அதுக்கப்புறம் நா இருந்தா, கேளு. அப்ப யோசிக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. படுத்த படுக்கையில் கிடந்துகொண்டு, எலும்பெல்லாம் கரைந்த பிறகும், என் கழுத்தில் கயிறு போட்டு இழுக்கிறாள். எவ்வளவு பெரிய மனுஷி! நான் ஏறி நின்றதைவிட இது பெரிய மிதி. அதைவிட ஆத்திரம், அவள் சொன்னது அத்தனையும் சரி என்பது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வேலைக்கு வரமுடியாது என்று சொன்னேன். இவர் ஏன் என்று கேட்டார். உங்க மதினிக்கு வேற யாரும் செஞ்சா பிடிக்காது என்றேன். அவர் அதை நம்பினார், சந்தோஷமாகக்கூட ஆகிவிட்டார்.

ஆறு மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். தோளுக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் கையைக் கொடுத்தேன். விறைத்தாள்.

"மெதுவாத்தான் திருப்புதேன்க்கா, பயப்படாதிய" என்றேன்.

"பயந்துக்கிட்டேதான் இருப்பேன். நீ திருப்பு" என்றாள்.

திருப்பினேன்.